பக்கலோரேயாவா, பி.யூ.சி.யா? எதை மறுபடி எழுதுவது, எதைக் காட்டுவது

1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்க்காரர்கள் குடியுரிமையைப் பேசுவார்கள், ஓய்வூதியத்தைப் பேசுவார்கள். அதே ஒப்பந்தத்தில் பரீட்சைகளைப் பற்றியும் ஒரு பிரிவு இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் கொடுக்கும் பக்கலோரேயா, ப்ரெவே எலெமாந்தேர், முதற்சுற்றுப் படிப்பின் ப்ரெவே ஆகியவற்றை இந்திய அரசு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சான்றுகளுக்குச் சமமாக ஏற்கும். மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் அவை செல்லும். எது எதற்குச் சமம் என்பதை இரு அரசுகளும் அமைக்கும் கூட்டுக் கல்விக் குழுவின் பரிந்துரைப்படி முடிவு செய்வார்கள் என்பது அதன் சாரம்.

படித்தால் நிம்மதியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் 1950களிலும் 60களிலும் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகள் இருந்த வீடுகளில், "எந்தப் பரீட்சையை மறுபடி எழுதுவது? விண்ணப்பத்தில் எதைக் காட்டுவது?" என்ற பேச்சு ஏன் ஓயாமல் நடந்தது? ஒப்பந்தம் சமம் என்று சொன்ன பிறகு ஒரு பையன் எதற்காக இரண்டு பரீட்சைகளுக்கு நடுவில் நின்று தவித்தான்? நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன். பின்னால் அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்து அப்படிப்பட்ட விண்ணப்பங்களைக் கையால் தொட்டவன். அந்த இரண்டு பக்கத்து அனுபவத்தையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பரீட்சைகளும் என்ன என்று பார்த்துவிடலாம்.

பக்கலோரேயா நெப்போலியன் காலத்துச் சரக்கு. 1808 மார்ச் 17 ஆணையால் ஏற்பட்டது. மறு வருஷம் நடந்த முதல் பரீட்சையில் தேறியவர்கள் 31 பேர். பார்ப்பதற்குப் பள்ளி இறுதிப் பரீட்சை போல இருந்தாலும், சட்டப்படி அது பல்கலைக்கழகத்தின் முதல் பட்டம். ஆகவே 'பாக்' கையில் இருப்பவன் பிரான்சில் பல்கலைக்கழக வாசலில் இன்னொரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பெயரைப் பதிந்துகொண்டு உள்ளே போகலாம். பெரும் பொறியியல் பள்ளிகளுக்குத்தான் தனிப் போட்டித் தேர்வு. நம் ஊரில் 1826ல் தொடங்கிய காலேஜ், இன்று விக்தோர் சிமோனேல் வீதியில் லிசே பிரான்சே என்று நிற்பது, பிள்ளைகளை இந்தப் பரீட்சைக்குத்தான் தயார் செய்தது. 1823லேயே மருத்துவப் பள்ளியும், 1838ல் சட்டப் பள்ளியும் இங்கு வந்துவிட்டன. ஊரை விட்டுப் போகாமலே பிரெஞ்சில் படித்து வைத்தியராகவோ வக்கீலாகவோ ஆகலாம் என்ற நிலை நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்தது.

இன்னொரு கதவு சென்னைப் பல்கலைக்கழகம். 1857ல் ஏற்பட்டது. அதற்குள் நுழையும் பரீட்சைதான் மெட்ரிகுலேஷன். பிறகு எஸ்.எஸ்.எல்.சி. வந்தது, அதன் மேல் இரண்டு வருஷ இன்டர்மீடியட். 1950களின் பிற்பகுதியில் இன்டர்மீடியட் போய், ஒரு வருஷப் பி.யூ.சி.யும் மூன்று வருஷப் பட்டப்படிப்பும் வந்தன. பெத்தி செமினேர், கல்வே காலேஜ் போன்ற இடங்களில் ஆங்கில வழிப் பிள்ளைகளும் படித்ததால், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பரீட்சைகள் நமக்கு அந்நியமில்லை. கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர் இது. ஒரே கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சும் தம்பி இங்கிலீஷும் படித்த வீடுகள் எத்தனையோ உண்டு.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று வாக்களித்தார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16ல்தான் வந்தது. இடையில் உள்ள அந்த எட்டு வருஷங்களை நினைத்துப் பாருங்கள். ஆட்சி இந்தியாவுடையது, குடியுரிமை இன்னும் பிரெஞ்சு, அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்பு நுழைந்துகொண்டிருக்கிறது, பள்ளியில் பாடம் பிரெஞ்சில் நடக்கிறது. பதினாறு வயதுப் பையன் எந்தக் கதவைத் தட்டுவான்?

அவன் தகப்பனாருக்குத் தெரிந்த உலகம் ஒன்று. ப்ரெவே முடித்தால் உள்ளூரில் ஒரு மேசை, பாக் முடித்தால் கௌரவமான உத்தியோகம், அதற்கு மேல் போனால் சைகோனோ பிரான்சோ. அந்த உலகம் அவர் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது. சைகோன் 1954க்குப் பிறகு அடைபட்டுவிட்டது. உள்ளூர் மேசையில் தட்டச்சு இயந்திரம் ஆங்கில எழுத்துகளோடு வந்து உட்கார்ந்தது. 1956க்குப் பிறகு பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் இடத்தில் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்து, 1964ல் அது ஜிப்மர் ஆயிற்று. பாடமொழி ஆங்கிலம். 1961ல் தாகூர் கலைக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு தொடங்கியது. அதற்கு முன் பட்டம் படிக்க வேண்டுமானால் சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ போக வேண்டும். இப்போது லாசுப்பேட்டையிலேயே பட்டம் வாங்கலாம். ஆனால் உள்ளே நுழையும் வழி பி.யூ.சி.

சரி, பாக் தான் சமமாயிற்றே, அதைக் காட்டி நுழைய வேண்டியதுதானே என்று இளைஞர்கள் கேட்கலாம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு பரீட்சைகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

முதல் சிக்கல் வகுப்பின் பெயர். நம் பக்கம் வகுப்புகளை ஏறுவரிசையில் எண்ணுவோம். பிரெஞ்சில் உயர்நிலை வகுப்புகள் இறங்குவரிசை. சிக்ஸியேம் என்றால் ஆறாவது. அதற்கு மேல் சேன்கியேம், அதாவது ஐந்தாவது. இப்படியே நான்காவது, மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்று இறங்கி, கடைசியில் தெர்மினால். ஒருவன் 'மூன்றாவது' முடித்து ப்ரெவே வாங்கியிருக்கிறான் என்றால், உண்மையில் ஒன்பது வருஷம் படித்திருக்கிறான். அந்தக் காலத்து சென்னை மாகாண முறையிலோ 'பாரம்' கணக்கு. முதல் பாரம் என்பது ஆறாம் வகுப்பு, ஆறாம் பாரம் என்பது எஸ்.எஸ்.எல்.சி. ஒரே 'ஆறு' இந்தப் பக்கம் உயர்நிலையின் தொடக்கம், அந்தப் பக்கம் முடிவு. 'மூன்றாவது' படித்தவன் எப்படி அரசு வேலைக்கு விண்ணப்பம் போடுகிறான் என்று மேலே உள்ளவர் சிரித்த கதைகள் எங்கள் ஊரில் உண்டு.

இரண்டாவது சிக்கல் வருஷக் கணக்கு. எஸ்.எஸ்.எல்.சி. பதினொரு வருஷம், பி.யூ.சி. பன்னிரண்டு. பாக் பன்னிரண்டு. ஆகவே பாக்கும் பி.யூ.சி.யும் நேருக்கு நேர் நிற்கும். ப்ரெவேயோ ஒன்பது. வருஷத்தை எண்ணிப் பார்ப்பவனுக்கு அது எஸ்.எஸ்.எல்.சி.க்கு இரண்டு படி கீழே. ஒப்பந்தத்தைப் படிப்பவனுக்கு, பெயர் சொல்லி ஏற்கப்பட்ட சான்று. கோப்பு யார் மேசைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து ஒரு பையனின் படிப்பு கூடும், குறையும்.

மூன்றாவதுதான் பெரியது. மதிப்பெண். பிரெஞ்சு முறையில் எல்லாம் இருபதுக்கு. சராசரி பத்து வந்தால் தேர்ச்சி. பன்னிரண்டு வந்தால் 'அஸே பியேன்', பதினான்கு 'பியேன்', பதினாறு 'த்ரே பியேன்'. பதினாறு வாங்கியவனை வீதியில் திரும்பிப் பார்ப்பார்கள். தத்துவக் கட்டுரைக்கு நான்கு மணி நேரம் எழுதிப் பதினொன்று வாங்கினால் வீட்டில் பாயசம் வைக்கலாம். இதை நூற்றுக்கு மாற்றினால் என்ன ஆகிறது? பதினொன்று என்பது 55. பதினான்கு என்பது 70. பி.யூ.சி.யில் கணக்குப் பாடத்தில் 95 வாங்கிய பையனுக்குப் பக்கத்தில் இந்த 70ஐ வைத்தால், பார்ப்பவர் கண்ணுக்கு யார் கெட்டிக்காரன்? இரண்டு தராசுகளின் எடைக்கல்லே வேறு என்பதை எடுத்துச் சொல்ல அந்தப் பையன் அங்கே இருக்க மாட்டான். அவனுடைய காகிதம் மட்டும்தான் இருக்கும்.

பாடங்களுக்கு வேறு வேறு பெருக்கெண் உண்டு என்பதும் அந்தக் காகிதத்தில் தெரியாது. ஒரு பாடத்துக்கு ஐந்து மடங்கு, இன்னொன்றுக்கு இரண்டு மடங்கு என்று கூட்டித்தான் சராசரி எடுப்பார்கள். வெறுமே எல்லா எண்ணையும் கூட்டிப் பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்த எழுத்தர்களை நானே பார்த்திருக்கிறேன். விடை வேறாக வரும். 'மொத்த மதிப்பெண் பொருந்தவில்லை' என்று குறிப்பெழுதிக் கோப்பு திரும்பும்.

நான்காவது, கோடைகாலம். பி.யூ.சி. பரீட்சை மார்ச், ஏப்ரலில் முடிந்து பள்ளி திறக்கும் சமயத்தில் முடிவு வந்துவிடும். பாக் அதற்குப் பிறகு நடக்கும். அதன் முடிவு கையில் வரும்போது பல கல்லூரிகளில் சேர்க்கைப் பட்டியல் ஒட்டியாகிவிடும். ஜெயித்தும் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

ஐந்தாவதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், பெயரின் எழுத்து. லேத்தா சிவில் பதிவேட்டில் நம் பெயர்கள் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ப எழுதப்பட்டவை. ராமசாமிக்கு நடுவில் இரண்டு 'எஸ்' வரும். 'உ' ஒலிக்கு 'ஓ', 'யூ' என இரண்டு எழுத்து. 'ஜ' வந்தால் முன்னால் ஒரு 'டி'. அதே பையன் தனித்தேர்வராக மெட்ரிக் எழுதும்போது இங்கிலீஷ் முறையில் பெயரை எழுதிவிடுவான். இரண்டு சான்றையும் சேர்த்து நீட்டினால், 'இவர் இரண்டு நபரா, ஒரு நபரா?' என்று கேள்வி வரும். பிறகு நொத்தேர் வீட்டுக்கும் மாஜிஸ்திரேட் அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்துதான் அந்த வீட்டுப் பேச்சு. மறுபடி எழுதுவது என்பது தோற்றவர்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை அல்ல. தேறியவர்களும் மறுபடி எழுதலாமா என்று யோசித்தார்கள். எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நான் பார்த்த மூன்று பேரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

முதலாமவர் என் பெரியப்பா மகன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் காலத்தில் பாக் இரண்டு கட்டம். 'முதலாவது' வகுப்பு முடிவில் ஒரு பகுதி, தெர்மினால் முடிவில் இரண்டாம் பகுதி. முதல் பகுதி தேறாமல் அடுத்த வகுப்புக்குப் போக முடியாது. எழுத்துத் தேர்வில் தப்பினால்தான் வாய்மொழித் தேர்வு. 1960களின் நடுவில் இந்த இரு கட்ட முறையை எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முதல் பகுதியில் அவர் தவறினார். அது 1962ம் வருஷம். சரியாக அதே வருஷம்தான் சட்டப்படி இணைப்பு. இங்கே பிறந்து இங்கே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

பெரியப்பாவின் திண்ணையில் அந்த ஆறு மாதமும் நடந்தது ஒரே பேச்சு. அண்ணன் அதே வகுப்பில் மறுபடி ஒரு வருஷம் உட்கார்ந்து பாக் எழுதுவதா, அல்லது தனித்தேர்வராக மெட்ரிக் எழுதி, பி.யூ.சி.யில் சேருவதா? பார்ப்பதற்கு இது படிப்பைப் பற்றிய பேச்சு. உள்ளே இருந்த கேள்வி, 'ஒப்சியோன்' கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது. பாக் மறுபடி எழுதினால் அந்தக் காகிதத்துக்கு முழு மதிப்பு கொடுக்கும் இடம் பிரான்ஸ். அங்கே போக வேண்டுமானால் குடியுரிமை வேண்டும். மெட்ரிக் எழுதினால் அவன் இங்கேயே இருப்பான், ஆனால் பத்து வருஷம் பிரெஞ்சில் படித்ததை ஒரே வருஷத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெரியம்மா ஒரே வார்த்தை சொன்னார்: "எந்தப் பரீட்சை எழுதினா புள்ள கண்ணெதிர்ல இருக்குமோ அத எழுதச் சொல்லுங்க." அண்ணன் பாக் எழுதினார். தேறினார். 1964ல் கப்பலேறினார். பெரியம்மா அவரை அதற்குப் பிறகு இரண்டு முறைதான் பார்த்தார்.

இரண்டாமவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு அக்கா. பாக் தேறியவர். பிரான்சில் ழூலி விக்துவார் தொபியே என்ற பெண்மணி 1861ல் லியோனில் பக்கலோரேயா தேறிய முதல் பெண் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். அது நடந்து நூறு வருஷம் கழித்து நம் ஊர்ப் பெண் அதைத் தேறுகிறார் என்று தெருவே பெருமைப்பட்டது. சராசரி பத்தரை. பிரான்சுக்குத் தனியே அனுப்ப வீட்டில் மனமில்லை. உள்ளூரில் மேலே படிக்க வேண்டும், ஆசிரியையாக வேண்டும். பத்தரையை நூற்றுக்கு மாற்றினால் 52.5. 'இதை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றால் கடைசியில் நிற்பேன்' என்று சொல்லி, தேறிய பரீட்சையின் பாடங்களையே மறுபடி இங்கிலீஷில் படித்து பி.யூ.சி. எழுதினார். தெருவில் சிலர் சிரித்தார்கள், மேலே ஏறியவள் கீழே இறங்குகிறாள் என்று. முதல் வகுப்பு வாங்கினார். விண்ணப்பத்தில் பி.யூ.சி.யை மட்டும் காட்டினார். பாக் சான்றைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அவருடைய மாணவிகளுக்கு அவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதே தெரியாது.

அவர் என்னிடம் ஒரு முறை சொன்னது இங்கே பொருந்தும். கணக்கு அதே கணக்குதான், ஆனால் கை பழக வேண்டும் என்றார். பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குக் கால்புள்ளி போடுவோம். மூன்றரையை மூன்று, கால்புள்ளி, ஐந்து என்று எழுதுவோம். ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு. ஒன்றுக்குத் தலையில் நீண்ட கொம்பு. இங்கே திருத்துபவர் அதை ஏழு என்று படித்துவிடுவார். வகுத்தலில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதுவோம், இங்கே இடப்பக்கம். இதையெல்லாம் மாற்றிக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று என்றார். பாடத்தைப் படிக்க ஆன நேரம் அதைவிடக் குறைவாம்.

மூன்றாமவன் நான். 1970ல் பாக் தேறினேன், அஸே பியேனுக்குச் சற்றுக் கீழே. எனக்கு மேலே படிக்க வசதியில்லை, வேலை வேண்டியிருந்தது. வெளியூரில் ஒரு அலுவலகத்துக்கு எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். மெட்ரிகுலேஷன் பதிவெண் என்ன என்று கேட்டுக் கடிதம் வந்தது. பாக் சான்றின் நகலையும் மொழிபெயர்ப்பையும் அனுப்பினேன். 'சமநிலைச் சான்று இணைக்கப்படவில்லை' என்று திரும்பியது. அதற்கு ஏற்பாடு செய்து அனுப்புவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. நண்பர்கள் பலர், "பேசாமல் மெட்ரிக் ஒரு தடவை எழுதிப் போடு, தொல்லை விட்டது" என்றார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மேல்படியைத் தாண்டினவன் எதுக்குடா கீழ்ப்படிக்கு வரிசையில நிக்கணும்? எழுதி வச்ச ஒப்பந்தம் இருக்கு" என்றார். அடுத்த வருஷம் நம் ஊரிலேயே விண்ணப்பித்தேன். சமநிலைச் சான்றை முன்கூட்டியே வாங்கி மேலே வைத்துத் தைத்தேன். வேலை கிடைத்தது.

அப்பாவின் வாதமும் சரி, அக்கா செய்ததும் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அரசு வேலைக்குத் தகுதி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வியாக இருந்தால், சமம் என்ற ஒரு சொல் போதும். அப்போது மறுபடி எழுத வேண்டிய அவசியம் இல்லை. மதிப்பெண் வரிசையில் நிறுத்தி ஆளை எடுக்கும் இடத்தில் அந்தச் சொல் போதாது. அங்கே எந்தத் தராசில் மற்றவர்கள் நிறுக்கப்படுகிறார்களோ அதே தராசில் நம்மையும் நிறுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் எழுதியவர்கள் முதல் கேள்விக்கு விடை எழுதினார்கள். இரண்டாவது கேள்வியைப் பிள்ளைகள் கையில் விட்டுவிட்டார்கள்.

எழுத்தராக இருந்த வருஷங்களில் என் மேசைக்கு வந்த பிரெஞ்சுச் சான்றுகளுக்கு நானே ஒரு தாளில் குறிப்பு எழுதி இணைத்து அனுப்புவேன்: இந்த வகுப்பு நம் கணக்கில் எத்தனையாவது, இருபதுக்கு எத்தனை வாங்கினால் தேர்ச்சி, பெருக்கெண்ணோடு சராசரி எவ்வளவு, பெயரின் எழுத்து ஏன் வேறாக இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, விதியிலும் இல்லை. அந்தத் தாள் சேர்ந்து போன கோப்புகள் திரும்பி வந்தது குறைவு.

இன்று இந்தப் பிரச்சினை வேறு ஊரில், வேறு பெயரில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் எஸ்.ஏ.டி. எழுதுவதா ஏ.சி.டி. எழுதுவதா, எதை மறுபடி எழுதுவது, எந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவது என்று கேட்பதை உங்களில் பலர் தொலைபேசியில் கேட்டிருப்பீர்கள். எஸ்.ஏ.டி. 1926ல் வந்தது, ஏ.சி.டி. 1959ல். ஒன்றில் உச்சம் 1600, இன்னொன்றில் 36. அங்கே உள்ள கல்லூரிகள் பொதுவாக இரண்டையும் ஏற்கின்றன. பல முறை எழுதலாம். 2009 முதல், எந்தத் தேதியில் எழுதிய எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை அனுப்புவது என்பதையும் மாணவனே தேர்ந்தெடுக்க வழி செய்திருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் அனுப்பு என்று கேட்கும் கல்லூரிகளும் உண்டு, அங்கே அந்தக் கல்லூரியின் விதிதான் செல்லும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, இரண்டு தேர்வுகளையும் நடத்துபவர்கள் 2018ல் சேர்ந்து உட்கார்ந்து ஒரு ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டதுதான். இதில் இவ்வளவு என்றால் அதில் இவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அட்டவணை கையில் இருக்கும் பிள்ளைக்கு வழி எளிது. இரண்டிலும் ஒரு தடவை பயிற்சித் தேர்வு எழுதிப் பார்த்து, அட்டவணையில் எது மேலே நிற்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி எழுதலாம். இரண்டுக்கும் மாறி மாறிப் படித்து வருஷத்தை வீணாக்க வேண்டாம். போக நினைக்கும் கல்லூரி என்ன கேட்கிறது என்பதை மட்டும் முதலில் படித்துவிட வேண்டும். எங்கள் அக்கா 1960களில் எந்த அட்டவணையும் இல்லாமல் தன் மூளையால் செய்தது இதைத்தான்: காகிதத்தை யார் படிக்கப்போகிறார்கள், அவர்களுக்கு எந்த எண் புரியும் என்று பார்த்துவிட்டு, அதற்கான பரீட்சையை எழுதினார்.

நம் ஊரில் அந்தத் தலைமுறை மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. 1978ல் மேல்நிலை வகுப்புகள் வந்த பிறகு பி.யூ.சி. என்ற பெயரே போய்விட்டது. லிசேயில் இன்றும் பிள்ளைகள் பாக் எழுதுகிறார்கள், ஆனால் ஆறு மாதத்துக்குள் எந்த நாட்டுக்காரன் என்று சொல் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. பெட்டியில் ப்ரெவே, பாக், மெட்ரிக் என்று மஞ்சளாகிப்போன காகிதங்கள் வைத்திருப்பவர்கள் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, எந்தக் காகிதத்தை எந்த வருஷம், எந்த அலுவலகத்தில் காட்டினீர்கள், எதை மடித்து உள்ளே வைத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். காகிதத்தில் மதிப்பெண் மட்டும்தான் இருக்கிறது. எதற்காக இரண்டு தடவை எழுதினீர்கள் என்பதை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.